கோர்ட் கட்டங்களுக்குக் கீழே ஸ்வரங்களையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகையின் மாணவர் பக்கத்தில் பாடல் வரிகளுக்கு மேலே அச்சிடப்படும் கிட்டார் கோர்ட் கட்டங்களை, அதாவது பல ஸ்வரங்கள் சேர்ந்தொலிக்கும் கோர்ட்டுக்கு விரல் வைக்கும் இடங்களைப் புள்ளியிட்டுக் காட்டும் படங்களை, ஹட்டனிலும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலும் கிட்டார் பழகும் பிள்ளைகள் வெட்டியெடுத்துக் கொப்பிகளில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். அவர்களுள் சிலருக்குக் கிட்டார் கற்பிப்பவன் என்ற முறையில் அந்தப் பக்கத்தின் பயனை நான் நேரில் அறிவேன். அண்மைக் காலமாக அதில் சாதாரண மைனர் கோர்ட்டைத் தாண்டி மைனர் செவன், மைனர் நைன், மைனர் இலெவன் என்னும் விரிந்த மைனர் கோர்ட்களும் அடியில் நிற்கும் ஸ்வரம் மாறிய அவற்றின் இன்வர்ஷன்களும் இடம்பெறத் தொடங்கியுள்ளன. இது மனமார வரவேற்க வேண்டிய மாற்றமாகும். எனினும், மூன்று ஸ்வரங்களைக் கொண்ட கோர்ட்டுக்குப் போதுமானதாக இருந்த கட்டமும் புள்ளியும், ஐந்தும் ஆறும் ஏழுமாக ஸ்வரங்கள் பெருகும் கோர்ட்டுக்குப் போதாமல் போகின்றன. விரல் வைக்க வேண்டிய இடத்தோடு, அந்த விரலின் கீழே எந்த ஸ்வரம் ஒலிக்கிறது என்பதையும் சேர்த்து அச்சிட வேண்டும் என்று கேட்டுக்கொள்வதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன். அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

மைனர் கோர்ட் எவ்வாறு விரிகிறது என்பதைப் பாடசாலையில் கர்நாடக சங்கீதம் கற்ற பிள்ளைக்கு விளக்குவது கடினமன்று. ஏ என்ற ஸ்வரத்தை ஷட்ஜமாகக் கொண்டு, கரகரப்பிரியா ராகத்தின் ஏழு ஸ்வரங்களையும் ஒன்றுவிட்டு ஒன்றாக மேல்நோக்கி அடுக்கிச் சென்றால், ச, க, ப, நி, மேல் ரி, மேல் ம, மேல் த என்ற வரிசை கிடைக்கும். மேலைத்தேயப் பெயர்களில் அவை ஏ, சி, ஈ, ஜி, பி, டி, எஃப் ஷார்ப் ஆகும். முதல் மூன்றும் சேர்ந்தால் ஏ மைனர். நிஷாதமும் சேர்ந்தால் ஏ மைனர் செவன். அதன்மேல் ரிஷபம் சேரும்போது மைனர் நைன், மத்யமம் சேரும்போது மைனர் இலெவன், தைவதமும் வந்துவிட்டால் மைனர் தர்ட்டீன். ஒன்பது என்ற எண் எங்கிருந்து வந்தது என்று கேட்கும் பிள்ளைக்கு, மேல் ஷட்ஜம் எட்டாவது, மேல் ரிஷபம் ஒன்பதாவது என்று எண்ணிக் காட்டினால் போதும். காந்தாரம் சாதாரண காந்தாரமாகவும், நிஷாதம் கைசிகி நிஷாதமாகவும் இருப்பதே இந்தக் குடும்பம் முழுவதற்கும் பொதுவான அடையாளம். தைவதத்தைச் சுத்த தைவதமாக்கினால் ராகம் நடபைரவியாகிவிடும். அப்போது வரும் எஃப் ஸ்வரம், கோர்ட்டின் பஞ்சமமாகிய ஈ ஸ்வரத்தோடு அரை ஸ்வர உறவில் உரசுவதால் அதனை இந்த அடுக்கில் வழக்கமாகச் சேர்ப்பதில்லை. மைனர் தர்ட்டீன் என்று எழுதப்பட்டிருந்தால் அது சதுஸ்ருதி தைவதத்தையே குறிக்கும்.

இங்கேதான் கிட்டாருக்கே உரிய சிக்கல் எழுகிறது. அடுக்கில் ஏழு ஸ்வரங்கள் உள்ளன, தந்திகளோ ஆறு, தந்திகளை அழுத்தும் விரல்கள் நான்கு. பியானோ வாசிப்பவர் இரண்டு கைகளாலும் எல்லாவற்றையும் அழுத்திவிடலாம். கிட்டார் வாசிப்பவர் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று ஒவ்வொரு முறையும் தீர்மானிக்க வேண்டும். அந்தத் தீர்மானத்தை எடுக்கக் கற்றுக்கொள்வதே விரிந்த கோர்ட்டைக் கற்பது என்பது என் உறுதியான கருத்து. கட்டம் மட்டும் அச்சிடப்படும்போது, அந்தத் தீர்மானத்தை வேறு யாரோ எடுத்து முடித்துவிட்டு, அதன் காரணத்தைப் பிள்ளைக்குச் சொல்லாமல் விட்டதாகவே ஆகிறது.

விடக்கூடிய ஸ்வரங்களுள் முதலாவது பஞ்சமம். ஷட்ஜம் ஒலிக்கும்போதே அதன் மேல்நாதங்களுள் பஞ்சமமும் வலுவாக ஒலிக்கிறது. அத்துடன் மேஜர் கோர்ட்டுக்கும் மைனர் கோர்ட்டுக்கும் பஞ்சமம் ஒன்றே என்பதால், அது இல்லாமற்போனாலும் கோர்ட்டின் இயல்பு மாறுவதில்லை. அடுத்ததாக விடக்கூடியது ஷட்ஜம். பேஸ் கிட்டாரோ கீபோர்டின் இடது கையோ ஷட்ஜத்தைக் கவனித்துக்கொள்ளும் குழுவில், கிட்டாரும் அதையே திரும்ப வாசிக்கத் தேவையில்லை. விடக்கூடாதவை காந்தாரமும் நிஷாதமும் ஆகும். கோர்ட் மைனர் என்று சொல்வது காந்தாரம். அது வெறும் மைனர் அன்று, விரிந்த மைனர் என்று சொல்வது நிஷாதம். இவ்விரண்டோடு, பெயரில் குறிப்பிடப்பட்ட ஒன்பதாவது அல்லது பதினோராவது ஸ்வரம் சேர்ந்தால் கோர்ட் நிறைவு பெறுகிறது. உதாரணமாக, ஏ மைனர் இலெவனுக்கு மிகத் தடித்த தந்தியாகிய ஆறாவது தந்தியில் 5ஆம் பிரெட் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கோடு), நான்காவது தந்தியில் 5, மூன்றாவதில் 5, இரண்டாவதில் 3 என்று அழுத்தி, ஐந்தாவது தந்தியையும் முதலாவது தந்தியையும் ஒலிக்காமல் தடுத்தால், ச, நி, க, ம என்ற நான்கு ஸ்வரங்களே ஒலிக்கின்றன. பஞ்சமமும் இல்லை, ரிஷபமும் இல்லை. ஆயினும் காது அதனை ஐயமின்றி மைனர் இலெவனாகவே ஏற்றுக்கொள்கிறது.

இதற்கு மாறாக, கைத்தொலைபேசிச் செயலிகளிலும் நகலெடுக்கப்பட்ட கோர்ட் தாள்களிலும் மைனர் இலெவன் என்ற பெயரில் ஏ, ஈ, ஜி, பி, டி என்னும் ஸ்வரங்களைத் தரும் கட்டங்களைக் கண்டிருக்கிறேன். விரலுக்கு அது எளிதானது, ஒலியும் இனிமையானது. ஆனால் அதில் காந்தாரமாகிய சி ஸ்வரமே இல்லை. காந்தாரம் இல்லாத கோர்ட்டை மைனர் என்று அழைக்க இடமில்லை. முறைப்படி அது, காந்தாரத்தின் இடத்தில் வேறு ஸ்வரம் நிற்கும் சஸ்பெண்டட் வகையைச் சேர்ந்தது. பாடகர் சாதாரண காந்தாரத்தைப் பாடும் இடத்தில் அதை வாசித்தால், பாட்டின் சோகத்துக்குத் துணையாக நிற்க வேண்டிய கோர்ட் எந்தப் பக்கமும் சாராமல் நின்றுவிடுகிறது. கட்டத்தின் கீழே ஸ்வரங்கள் அச்சிடப்பட்டிருந்தால், இந்தக் குறையைப் பத்து வயதுப் பிள்ளையும் கண்டுபிடித்துவிடும்.

இனி இன்வர்ஷன்களுக்கு வருகிறேன். கோர்ட்டின் ஸ்வரங்களுள் மிகத் தாழ்ந்து ஒலிப்பது எது என்பதைப் பொறுத்தே இன்வர்ஷன் அமைகிறது. ஷட்ஜம் அடியில் இருந்தால் மூலநிலை. காந்தாரம் அடியில் இருந்தால் முதலாவது இன்வர்ஷன். பஞ்சமம் இருந்தால் இரண்டாவது. நிஷாதம் இருந்தால் மூன்றாவது. அடுக்கு ஒன்பதாவது ஸ்வரம் வரை விரியும்போது, ரிஷபத்தை அடியில் வைக்கும் நான்காவது இன்வர்ஷனும் ஏட்டளவில் உண்டு. சாய்கோடு இட்டு எழுதும்போது, கோட்டுக்குப் பின்னால் வரும் எழுத்து அடியிலுள்ள ஸ்வரத்தைக் குறிக்கும். ஸ்வரங்களின் வரிசை மாறினாலும் கோர்ட்டின் அடிப்படை ஒன்றே என்ற இக்கருத்தை 1722இல் பிரெஞ்சு இசையறிஞர் ராமோ தமது இசையிலக்கண நூலில் நிறுவினார். முந்நூறு ஆண்டுகள் கடந்த பின்னரும் அது மாறாமல் நிற்கிறது.

ஏ மைனர் செவனின் நான்கு நிலைகளையும் முதல் நான்கு தந்திகளிலேயே வாசிக்க முடியும் என்பதை என் மாணவர்களுக்கு நான் தவறாமல் காட்டுவதுண்டு. நான்காவது தந்தியிலிருந்து முதலாவது தந்தி வரை வரிசையாக 2, 2, 1, 3 என்ற பிரெட்களை அழுத்தினால் ப, ச, க, நி ஒலிக்கும். பஞ்சமம் அடியில் இருப்பதால் இது இரண்டாவது இன்வர்ஷன். ஒரு விரலைப் படுக்கவைத்து நான்கு தந்திகளிலும் 5ஆம் பிரெட்டை அழுத்தினால் நி, க, ப, ச கிடைக்கும், இது மூன்றாவது. 7, 9, 8, 8 என்று வைத்தால் ச, ப, நி, க, இது மூலநிலை. 10, 12, 10, 12 என்று வைத்தால் க, நி, ச, ப. இது முதலாவது இன்வர்ஷன். இன்னும் மேலே நகர்ந்தால் 14, 14, 13, 15 என்று தொடங்கிய வடிவமே ஒரு ஸ்தாயி மேலே மீண்டும் வந்துவிடுகிறது. நான்கு வடிவங்களையும் தனித்தனியே மனனம் செய்த பிள்ளைக்கு இவை நான்கு புதிர்கள். ஒவ்வொரு தந்தியிலும் எந்த ஸ்வரத்திலிருந்து எந்த ஸ்வரத்துக்கு ஏறுகிறோம் என்று கவனித்த பிள்ளைக்கு இவை ஒரே கோர்ட். நான்காவது தந்தியை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள்: ப, நி, ச, க. முதலாவது தந்தியில் நி, ச, க, ப. ஒவ்வொரு தந்தியும் கோர்ட்டின் ஸ்வரங்களை வரிசை தவறாமல் ஏறிச் செல்கிறது. இதைக் கண்டுகொண்ட பிள்ளை, டி மைனர் செவனுக்கும் ஈ மைனர் செவனுக்கும் உரிய நிலைகளை யாரிடமும் கேட்காமல் தானே கண்டுபிடித்துக்கொள்ளும்.

இந்நான்கு வடிவங்களையும் அச்சிடும்போது கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. ஐந்தாவது, ஆறாவது தந்திகளை ஒலிக்கச் செய்யக்கூடாது என்ற குறி கட்டத்தில் தெளிவாக இருக்க வேண்டும். ஐந்தாவது தந்தியை அழுத்தாமல் மீட்டினால் ஏ ஸ்வரம், அதாவது ஷட்ஜமே, எல்லாவற்றுக்கும் அடியில் தம்பூராவின் சுருதியைப் போல நின்று ஒலிக்கும். கேட்பதற்கு அது மிக அழகாக இருக்கும்; தனியே பாடிக்கொண்டு வாசிப்பவருக்கு நான் அதையே பரிந்துரைக்கிறேன். ஆனால் அந்தக் கணத்தில் நான்கு நிலைகளும் மூலநிலையாகிவிடுகின்றன. மேலே உள்ள வரிசை மாறுகிறதே தவிர, இன்வர்ஷன் எதுவும் இல்லை. ஆறாவது தந்தியும் தவறுதலாகச் சேர்ந்து ஒலித்துவிட்டால், எல்லாமே பஞ்சமத்தை அடியில் கொண்ட இரண்டாவது இன்வர்ஷனாக மாறிவிடும். இடது கையால் எவ்வளவு கவனமாக வடிவத்தை அமைத்தாலும், வலது கை எந்தத் தந்தியில் மீட்டத் தொடங்குகிறது என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது.

கர்நாடக சங்கீதம் கற்ற பிள்ளைகளுக்கு இவ்விடத்தில் ஓர் ஐயம் எழுவது இயல்பு. அடியில் இருக்கும் ஸ்வரம் மாறும்போது ஷட்ஜமும் மாறி, கிரகபேதம் நிகழ்ந்துவிடாதா என்று கேட்கிறார்கள். இது நல்ல கேள்வி. இதற்குப் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும். கிரகபேதத்தில் ஆதார ஷட்ஜமே இடம்பெயர்கிறது. இன்வர்ஷனில் ஆதாரம் அப்படியே நிற்க, அதைத் தாங்கி நிற்கும் ஸ்வரம் மட்டும் மாறுகிறது. எனினும், இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய எல்லைதான் இருக்கிறது என்பதையும் மறைக்கக்கூடாது. ஏ, சி, ஈ, ஜி என்ற நான்கு ஸ்வரங்களும் ஏ மைனர் செவனாகவும் இருக்கலாம், சி சிக்ஸ்த் ஆகவும் இருக்கலாம். சி ஸ்வரம் அடியில் நிற்கும்போது, முன்னும் பின்னும் வரும் கோர்ட்கள் ஏ மைனரை நோக்கிச் செல்கின்றனவா அல்லது சி மேஜரை நோக்கிச் செல்கின்றனவா என்பதைக் கொண்டே காது பெயர் சூட்டுகிறது. அதேபோல ஷட்ஜத்தை விட்டுவிட்ட ஏ மைனர் நைனில் எஞ்சுவது சி, ஈ, ஜி, பி. அது சி மேஜர் செவன் என்ற பெயரில் எல்லாரும் அறிந்த கோர்ட்டே. ஏ மைனர் சிக்ஸ்த் ஸ்வரங்களை எஃப் ஷார்ப்பிலிருந்து அடுக்கினால், எஃப் ஷார்ப் மைனர் செவன் பிளாட் ஃபைவ் ஆகிறது. தெரிந்த வடிவம் ஒன்றைப் பேஸ் கிட்டார் புதிய கோர்ட்டாக மாற்றிவிடுகிறது என்று அறிந்த பிள்ளைக்கு, விரிந்த கோர்ட்களைப் பற்றிய பயம் பாதியாகக் குறைந்துவிடும்.

மைனர் கோர்ட் இவ்வளவு இயல்பாக விரிவதற்கும் ஒரு காரணம் உண்டு. மேஜர் கோர்ட்டில் சுத்த மத்யமத்தைச் சேர்த்தால், அது அந்தர காந்தாரத்துக்கு அரை ஸ்வரம் மட்டுமே மேலே இருப்பதால், இரண்டும் மோதுகின்றன. மைனர் கோர்ட்டில் சாதாரண காந்தாரத்துக்கும் சுத்த மத்யமத்துக்கும் நடுவே ஒரு முழு ஸ்வர இடைவெளி இருக்கிறது. ஆகவே மத்யமம் அங்கே இடையூறின்றி அமர்ந்துகொள்கிறது. மைனர் இலெவன் அவ்வளவு தாராளமாகப் பயன்படுவதும், மேஜர் கோர்ட்டில் பதினோராவது ஸ்வரத்தை உயர்த்திப் பிரதி மத்யமமாக்கிக்கொள்ள நேர்வதும் இதனால்தான். ஆனால் மைனருக்கும் ஒரு முள் இருக்கிறது. அதன் ரிஷபமும் காந்தாரமும் அரை ஸ்வர இடைவெளியில் உள்ளன. காந்தாரம் கீழும் ரிஷபம் வெகுவாக மேலும் இருந்தால் ஒலி ஒளிர்கிறது. ரிஷபத்தை அடியில் வைத்து, காந்தாரத்தை ஒரு ஸ்தாயிக்கு மேலே வைத்தால், பிளாட் நைன் என்று வழங்கும் கடுமையான இடைவெளி உண்டாகி, கோர்ட்டின் முகமே மாறிவிடுகிறது. மைனர் நைனின் நான்காவது இன்வர்ஷன் ஏட்டில் இருந்தும் அதிகம் வாசிக்கப்படாமைக்குக் காரணம் இதுதான். எல்லா இன்வர்ஷன்களையும் சம மதிப்புடையவை போல வரிசையாக அச்சிடாமல், எது பயன்படும், எது எதனால் பயன்படாது என்று ஓரிரு வரிகள் எழுதினால் நலம்.

ரிஷபமும் காந்தாரமும் பக்கத்தில் பக்கத்தில் ஒலிக்கும்போதும் அழகு பிறக்கலாம் என்பதற்கு, இரண்டே விரல்களால் வாசிக்கக்கூடிய ஒரு மைனர் நைனைக் குறிப்பிட விரும்புகிறேன். ஐந்தாவது தந்தியை அழுத்தாமல் விட்டு, நான்காவதிலும் மூன்றாவதிலும் 5ஆம் பிரெட்டை அழுத்தி, இரண்டாவது, முதலாவது தந்திகளைத் திறந்தே ஒலிக்கவிட்டால், ச, நி, க, ரி, ப என்ற வரிசை கிடைக்கும். இங்கே இரண்டாவது தந்தியின் பி ஸ்வரம், மூன்றாவது தந்தியின் சி ஸ்வரத்துக்கு அரை ஸ்வரம் கீழே நெருங்கி நின்று அதிர்கிறது. ஒரு ஸ்தாயி விலகி நின்றால் கடுமையாக ஒலிக்கும் அதே இரு ஸ்வரங்கள், தோளோடு தோள் நிற்கும்போது மென்மையாகின்றன. தந்திகளை ஒவ்வொன்றாக மீட்டினால் அதன் நயம் இன்னும் நன்றாகப் புரியும்.

இன்வர்ஷன்களின் உண்மையான பயன், கோர்ட்டிலிருந்து கோர்ட்டுக்குச் செல்லும்போதே வெளிப்படுகிறது. ஏ மைனர் நைன், டி தர்ட்டீன், ஜி மேஜர் நைன் என்ற தொடரை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றையும் அடியில் ரூட்டோடு, அதாவது அந்தக் கோர்ட்டின் ஷட்ஜத்தோடு, பெரிய வடிவமாக வாசிக்கும் பிள்ளை, கழுத்தின் மேலும் கீழும் கையைத் தாவவைக்கிறது, தாளம் தடுமாறுகிறது, ஸ்வரங்கள் ஒன்றோடொன்று தொடர்பின்றி வந்து விழுகின்றன. முதல் நான்கு தந்திகளில் மட்டும், நான்காவதிலிருந்து 5, 5, 5, 7 என்று வைத்தால் ஜி, சி, ஈ, பி ஒலிக்கும். இது ஷட்ஜம் நீங்கிய ஏ மைனர் நைன். இப்போது நான்காவது தந்தியின் விரலை மட்டும் ஒரு பிரெட் பின்னே இழுத்து 4, 5, 5, 7 ஆக்கினால், ஜி ஸ்வரம் எஃப் ஷார்ப்பாகி, முழுக் கோர்ட்டும் டி தர்ட்டீனாக மாறிவிடுகிறது. மற்ற மூன்று ஸ்வரங்களும் அசையவே இல்லை. அடுத்து 4, 4, 3, 5 என்று வைத்தால் எஃப் ஷார்ப், பி, டி, ஏ; பேஸ் ஜி ஸ்வரத்தை வாசிக்க, இது ஜி மேஜர் நைன். இதே வடிவத்தை முன்னரே சந்தித்திருக்கிறோம்: ஏ மைனர் செவனின் இரண்டாவது இன்வர்ஷனாகச் சொன்ன 2, 2, 1, 3 என்பதை இரண்டு பிரெட் மேலே நகர்த்தினால் கிடைக்கும் பி மைனர் செவன்தான் இது. மூன்று கோர்ட்களுக்கும் கை ஏறத்தாழ ஓரிடத்திலேயே இருக்கிறது. ஒவ்வொரு குரலும் நின்ற இடத்திலேயே நிற்கிறது, அல்லது ஒரு படி மட்டும் நகர்கிறது. பாடகர்கள் நால்வர் சேர்ந்து பாடினால் எப்படி அடியெடுத்து வைப்பார்களோ, அப்படியே கிட்டாரும் வாசிக்கிறது. மைனர் நைனிலிருந்து டி தர்ட்டீனுக்குச் செல்லும் அந்த ஒற்றை அரை ஸ்வர நகர்வை முதன்முறை தம் காதால் கேட்கும்போது மாணவர்களின் முகத்தில் தோன்றும் மலர்ச்சியை எந்த விளக்கமும் உண்டாக்கிவிடாது. இந்தத் தொடரில் மைனர் கோர்ட்டோடு பதின்மூன்றாவது ஸ்வரத்தைச் சேர்க்காமல் விடுவதற்கும் காரணம் புரிகிறது: அந்த எஃப் ஷார்ப், அடுத்து வரவிருக்கும் டி கோர்ட்டின் காந்தாரம். முன்கூட்டியே அதை ஒலித்துவிட்டால், மாற்றம் நிகழும் இடத்தில் மாறுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. ஒரே மைனர் கோர்ட்டில் நீண்ட நேரம் தங்கும் பாட்டில், கரகரப்பிரியாவின் சாயல் வேண்டும் என்ற இடத்தில், மைனர் தர்ட்டீனைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

இவையெல்லாம் ஜாஸ் இசைக்காரர்களுக்கு உரியவை, மாரியம்மன் கோயில் திருவிழா மேடையிலும் தேவாலயப் பாடகர் குழுவிலும் கல்யாண வீட்டிலும் வாசிக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு மரியாதையோடு ஒன்றைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். கிட்டாரின் ஆறு தந்திகளையும் எங்கும் அழுத்தாமல் ஒருமுறை மீட்டினாலே ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்று ஒலிக்கிறது. ஈ ஸ்வரத்தை ஷட்ஜமாகக் கொண்டால் அது ச, ம, நி, க, ப, ச. ரிஷபம் நீங்கிய மைனர் இலெவன் அது. சுத்த தன்யாசியின் ஐந்து ஸ்வரங்களும் அவையே. ஜி ஸ்வரத்தை ஷட்ஜமாகக் கொண்டால் மோகனமும் அவையே. 1959இல் வெளியான ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் இசைத்தட்டில் பியானோக் கலைஞர் பில் எவன்ஸ் வாசித்துப் புகழ்பெற்ற மைனர் இலெவன் அடுக்கும், கீழிருந்து மேலாக ஈ, ஏ, டி, ஜி, பி என்ற இதே வரிசைதான். விரிந்த மைனர் கோர்ட் எங்கிருந்தோ வந்து சேர்ந்த ஆடம்பரம் அன்று. கையில் எடுத்த கணத்திலேயே கிட்டார் அதைத்தான் ஒலிக்கிறது. 1976 முதல் திரையிசையில் இளையராஜா அமைத்த பாடல்களைக் கேட்டு வளர்ந்த காதுகள் எங்களுடையவை. சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேலைத்தேய இசை பயின்றவரும், தாமே கிட்டார் வாசிப்பவருமான அவருடைய பாடல்களில் மைனர் செவனும் மைனர் நைனும் அன்னியமானவை அல்ல. அப்பாடல்களை வெறும் மைனர் கோர்ட்களால் வாசிக்கும்போது எதுவோ குறைகிறது என்று பிள்ளைகளே உணர்கிறார்கள். என்ன குறைகிறது என்று பெயர் சொல்லத்தான் அவர்களுக்குத் தெரியவில்லை.

அடித்தந்திகளைப் பற்றியும் ஒரு சொல். ஆறாவது தந்தி சுமார் 82 ஹெர்ட்ஸிலும், ஐந்தாவது தந்தி 110 ஹெர்ட்ஸிலும் ஒலிக்கின்றன. அந்தத் தாழ்ந்த ஸ்தாயியில் ஏ ஸ்வரத்தையும் அதற்கு அடுத்த சி ஸ்வரத்தையும் சேர்த்து மீட்டினால், 110க்கும் ஏறத்தாழ 131க்கும் நடுவே உள்ள நெருக்கத்தால் இரண்டும் கலங்கி ஒலிக்கும். அதே இரு ஸ்வரங்களும் முதலிரண்டு தந்திகளில் தெளிவாகக் கேட்கும். அடியில் அகன்ற இடைவெளியும், மேலே செல்லச் செல்ல நெருங்கிய இடைவெளியும் இருக்க வேண்டும் என்பதையே நான் கற்பிக்கிறேன்.

சுருதி சேர்ப்பதில் மலையகத்துக்கென்று ஒரு தனிச் சிரமமும் உண்டு. மழையும் பனிமூட்டமும் நீடிக்கும் மாதங்களில் கிட்டாரின் மரம் ஈரத்தை உறிஞ்சி, மேற்பலகை சற்றே உப்பிவிடுகிறது. தந்திகள் கழுத்திலிருந்து உயர்கின்றன. உயர்ந்த தந்தியை அழுத்தும்போது அது இழுபட்டுச் சுருதி ஏறுகிறது. மூன்று ஸ்வரக் கோர்ட் இந்தப் பிழையை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். பி, சி என்ற இரு ஸ்வரங்கள் அருகருகே நிற்கும் மைனர் நைன் பொறுத்துக்கொள்ளாது. அத்துடன், காதுக்கு இனிமையாக ஒரு மைனர் கோர்ட்டைச் சுருதி சேர்த்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணுவதும் பொருந்தாது. 6க்கு 5 என்ற இயற்கை விகிதத்தில் சாதாரண காந்தாரம் ஷட்ஜத்திலிருந்து ஏறத்தாழ 316 சென்ட் (அரை ஸ்வரம் 100 சென்ட்) உயரத்தில் நிற்கிறது. கிட்டாரின் பிரெட்களோ அதை 300 சென்ட்டில் நிறுத்துகின்றன. ஒரு கோர்ட்டுக்காகத் தந்தியை ஏற்றினால் இன்னொரு கோர்ட்டில் அது பிசகும். ஆறு தந்திகளையும் சுருதி காட்டும் கருவியின் உதவியோடு சரியாகச் சேர்த்துவிட்டு, பிறகு விரிந்த கோர்ட்களைப் பழகுவதே முறை. உறையில் ஈரத்தை உறிஞ்சும் சிறு பை ஒன்றைப் போட்டு வைப்பதும், அடுப்புக்கு அருகில் கிட்டாரைச் சாய்த்து உலர்த்தாமல் இருப்பதும் நல்லது.

ஆகவே, தங்கள் மாணவர் பக்கத்தைத் தொகுப்பவர்களிடம் நான் கேட்பது பெரிய மாற்றம் ஒன்றையும் அன்று. ஒவ்வொரு கட்டத்துக்கும் கீழே, தந்தி வரிசைப்படி, ஒலிக்கும் ஸ்வரங்களை ச, க, ப, நி என்று தமிழ் எழுத்துகளில் அச்சிடுங்கள். ஒலிக்கக்கூடாத தந்திக்கு மேலே பெருக்கல் குறியை மறவாமல் இடுங்கள். அடியில் நிற்கும் ஸ்வரத்தைச் சற்றுத் தடித்த எழுத்தில் காட்டினால், எந்த இன்வர்ஷன் என்பதைத் தனியே எழுத வேண்டிய தேவையும் இராது. ஷட்ஜத்தை விட்டுவிட்ட வடிவமாயின், "பேஸ் கிட்டாருடன் வாசிக்க" என்று ஒரு குறிப்புச் சேர்க்கலாம். கூடுதலாக வேண்டியது ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வரி இடம் மட்டுமே. மேலைத்தேய சங்கீதத்தைப் பரீட்சைக்குப் பாடமாக எடுக்கும் மாணவருக்கும், கர்நாடக சங்கீதம் எடுத்துவிட்டு வீட்டில் கிட்டார் பழகும் மாணவருக்கும் அந்த ஒரு வரி ஒருங்கே பயன்படும். தோட்டப் பாடசாலைகளில் கிட்டார் ஆசிரியரை எதிர்பார்க்க முடியாத நிலையில், பத்திரிகையைப் பார்த்துத் தாமாகவே பழகும் பிள்ளைகளுக்கு அது ஆசிரியரின் இடத்தையே நிரப்பக்கூடும்.

தொடக்கமாக, மேலே குறிப்பிட்ட ஏ மைனர் செவனின் நான்கு நிலைகளையும் அடுத்த இதழ்களுள் ஒன்றில் ஸ்வரங்களோடு அச்சிட வேண்டுகிறேன். அவற்றைத் தொடர்ந்து 5, 5, 5, 7 என்ற மைனர் நைனையும், அதிலிருந்து டி தர்ட்டீனுக்கும் ஜி மேஜர் நைனுக்கும் செல்லும் தொடரையும் வெளியிடலாம். தேவைப்பட்டால் கட்டங்களைப் பிழையின்றி வரைந்து, ஸ்வரங்களைச் சரிபார்த்து அனுப்பிவைக்க ஆயத்தமாக இருக்கிறேன்.

நன்றி.

இங்ஙனம்,
கிட்டார் ஆசிரியர் ஒருவர்,
ஹட்டன்.